பெயின்ற் அடிக்காத நத்தார்

சிசிலித் தீவின் பலெர்மோவில் குளிர் இல்லை என்று சொல்பவர்கள் எங்கள் ஒரேத்தோ ஆற்றங்கரை வீட்டில் ஒரு ஜனவரி மாதம் குடியிருந்து பார்க்க வேண்டும். வெளியே நல்ல வெயில் எறிக்கும். தெருவில் சனம் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு போகும். நாங்கள் வேலை முடிந்து வந்து, கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் கோட்டைப் போடுவோம். இதை யாழ்ப்பாணத்துக்குப் போனில் சொன்னால் நான் புழுகுகிறேன் என்பார்கள். புழுகவில்லை. மத்தியானத்தில் யன்னலைத் திறந்து வெளிச் சூட்டை உள்ளே எடுக்கிற வீடு அது.

அரசாங்கம் வசதி குறைந்தவர்களுக்கென்று எப்போதோ கட்டிய மாடிக் கட்டடம். கட்டியவர்கள் வெயிலையும் யோசிக்கவில்லை, குளிரையும் யோசிக்கவில்லை. மெல்லிய சுவர், இரும்புச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி. மழை நாளில் உடுப்புகளை வீட்டுக்குள்தான் காயப்போட வேண்டும். சோறு கொதிக்கிற ஆவி, தோய்த்த உடுப்பின் ஈரம், காஸ் அடுப்பின் ஈரம் எல்லாம் வெளியே போக வழியில்லாமல் வடக்குச் சுவரில் போய்க் குந்திவிடும். பிறகு பூஞ்சணம். முதலில் மூலையில் மிளகுத்தூள் சிந்தியதுபோலத் தெரியும். அடுத்த மழைக்குள் அலுமாரிக்குப் பின்னால் சுவரே கறுத்துவிடும். இத்தாலியர்கள் அதை முஃபா என்பார்கள். எங்கள் வீட்டில் பூஞ்சணம் என்ற சொல்லை என் மகள் கேட்டதே இல்லை. முஃபா என்றால் மட்டும் மூக்கைச் சுளிப்பாள்.

அவளுக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று வயதிலிருந்து முட்டு, மூச்சு இழுக்கிற வருத்தம். கோடையில் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடலில் மீன்போலக் கிடப்பாள். நவம்பர் பிறந்து மழை தொடங்கினால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். வீட்டில் இருந்த இரண்டே அறைகளில் ஒன்று அவளுடையது, அந்த வடக்குச் சுவர் அந்த அறைக்குத்தான். பிள்ளைகள் வைத்தியர் ஒவ்வொரு குளிருக்கும் மருந்தை மாற்றி எழுதினார். கடைசியில் அவருக்கே அலுத்துப்போய்விட்டது.

"பிள்ளைக்கு நான் மருந்து தரலாம். சுவருக்கு நான் என்ன மருந்து தர?" என்று என்னிடம் கேட்டார்.

வேறு வீடு பாருங்கள் என்று சொல்லச் சொந்தக்காரர் நிறையப் பேர் இருந்தார்கள். பார்த்துத் தர ஒருவரும் இல்லை.

அந்த ஆவணி கடந்த நேரத்தில்தான் அந்தக் கதை வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அரசாங்கக் கட்டடங்களுக்கு அரசாங்கமே செலவழித்துக் குளிர் தடுக்கிற வேலை செய்து முடித்திருந்தார்கள். வெளிச்சுவர் முழுக்கத் தடித்த பலகைபோல ஒன்றை ஒட்டி, மேலே பூசி, இரட்டைக் கண்ணாடி யன்னல் வைத்து, ஈரக் காற்றை இழுத்து வெளியே விடச் சின்ன விசிறியும் பொருத்தியிருந்தார்கள். சுவருக்கு ஒட்டுகிற அதற்கு கப்பொத்தோ என்று பெயர், குளிர் கோட்டுத்தான். மனிதர் கோட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருப்பதைவிட வீட்டுக்குக் கோட்டுப் போடுவது புத்தி என்று இந்த அரசாங்கத்துக்குத் தோன்றியதை நான் முதலில் நம்பவில்லை. அங்கே குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பம் மழை நாளிலும் வீட்டுக்குள் வெறும் பெனியனோடு திரிவதாகக் கேள்விப்பட்ட பிறகுதான் நம்பினேன். அந்தத் திட்டம் இனி எங்கள் பக்கத்துக்கும் விரியப்போகிறது. வீடுகளைப் பார்க்க ஆள் வரும். மோசமான கட்டடங்களுக்கு முதலிடம் என்று சொன்னார்கள்.

இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் எதிர்வீட்டு அக்கா.

அக்காவுக்கு மன்னார். வேதக்காரர். எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் அவர் சொல்தான் சட்டம். நகரத்தின் கால்சாப் பகுதியில், பழைய மாளிகையைத் திருத்திக் கட்டிய ஒரு பெரிய வீட்டில் துப்புரவு வேலை செய்தார். அவர் துடைத்த கண்ணாடியை இல்லையென்று நினைத்து ஒருமுறை புறா வந்து மோதிவிட்டதாம். அந்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா, அதை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாராம். அக்கா அதை எங்களுக்குச் சொல்வார். எத்தனை தரம் என்று கேட்காதீர்கள்.

"இந்த ஊரில தமிழர் எண்டால் துப்புரவு எண்டு பேரெடுத்திருக்கிறம். அதைக் கெடுக்கப்படாது," என்பார்.

மோட்சத்துக்குப் போனாலும் அக்கா வாசல் நிலையில் விரலை வைத்துத் தூசு பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார் என்று நான் பகிடி பண்ணுவேன். அவருக்குக் கோபம் வராது. உண்மையாய் இருக்கும் என்று அவரும் நினைத்திருக்கக்கூடும்.

"வீடு பாக்க வருகினம்" என்பது எங்கள் ஆட்களின் காதில் விழுந்தால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். கலியாணத்துக்குப் பெண் பார்க்க வந்தாலும் சரி, அரசாங்கம் சுவர் பார்க்க வந்தாலும் சரி. அக்கா மாடிப்படியில் நின்று உத்தரவு போட்டார். வரெக்கீனா போத்தல்கள் வந்தன. அந்த வெளிற்றும் தண்ணீரின் நெடி படியெல்லாம் ஏறியது. தமிழ் வீடுகளில் அலுமாரிகள் இழுக்கப்பட்டன. கறுத்த சுவர்கள் சுரண்டப்பட்டு, தேய்க்கப்பட்டு, அதன் மேல் வெள்ளை பெயின்ற் ஏறியது. எனக்கு அந்தக் கிழமை உணவகத்தில் இரண்டு நேர வேலை. நான் இல்லாத நேரத்தில் என் மகளின் அறைச் சுவரை அக்காவே தேய்த்து, அவரே பெயின்ற் அடித்து, யன்னல் சீலையையும் தோய்த்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். நான் வந்து பார்த்துக் கண்கலங்கினேன். பெற்ற தாயும் செய்யமாட்டாள் என்று சொல்லிக் கையைப் பிடித்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறோமே என்ற எண்ணம் அந்தக் கட்டடத்தில் ஒரு தமிழ்த் தலைக்குள்ளும் வரவில்லை.

வந்தவர் இளம் ஜியோமெத்ரா. கட்டடங்களைப் பார்த்து மதிப்பிடுகிறவர். அன்றைக்குப் பார்க்க வேண்டிய வீடுகள் அவருக்கு ஏராளம். அக்கா வீட்டில் அவரை இருத்தி ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தோம். சுவர்களைப் பார்த்தார், படம் எடுத்தார், என் மகளின் அறையில் நின்று நாலு பக்கமும் திரும்பினார்.

"கொம்ப்ளிமெந்தி, சிஞ்ஞோரா," என்றார். பாராட்டுகள் என்று.

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். பூசை முடிவில் சுவாமியார் பெயர் சொல்லிப் புகழ்ந்தாலும் அப்படி மலர்ந்திருக்காது.

கீழ்வீட்டில் ஒரு சிசிலியக் கிழவர் தனியாக இருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் எங்களைப்போல மூளையைக் கழற்றி வைக்கவில்லை. கட்டிலை இழுத்து நடு அறையில் விட்டு, கறுத்த சுவரைக் காட்டி, ஜியோமெத்ராவை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். அவர் போட்ட சத்தம் எங்களுக்கு மேலே கேட்டது. அதற்கு அந்த இளைஞர் சொன்ன பதிலும் கேட்டது: மேலே தமிழர்களின் வீட்டில் இதே சுவர் பால்போல இருக்கிறது, நீங்கள் யன்னலைத் திறந்து காற்று விட வேண்டும். அன்றிலிருந்து கிழவர் எங்களுக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். நாங்களோ, துப்புரவில்லாத மனுசன் என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். இப்போது நினைத்தால் தலையில் அடிக்க வேண்டும்போல இருக்கிறது.

பெயின்ற் முதல் இரண்டு மழை தாங்கியது. மூன்றாவது மழைக்கு உப்பியது. பிறகு அதன் கீழிருந்து பழைய கறுப்பு எட்டிப் பார்த்தது. நவம்பர் நடுவில் ஒரு காலை என் மகளின் உதடு நீலமாகியது. ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு ஒக்சிசன் கொடுத்தார்கள். கட்டிலில் அவளுடைய விலா எலும்புகள் உள்ளே போய் வெளியே வருவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு குளிர்காலத்தை அவள் அந்தச் சுவரோடு கழிக்கக் கூடாது என்பதைத் தவிர என் தலையில் வேறு ஒன்றும் இல்லை.

அவள் வீட்டுக்கு வந்த அடுத்த கிழமைதான் மாதா கோவில் மண்டபத்தில் கூட்டம். வேலை நடக்கப்போகிற கட்டடங்களை அறிவிக்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். ஒவ்வொன்றாக வாசித்தார். எங்கள் கட்டடம் வரவில்லை. பக்கத்துக் கட்டடம் வந்தது, அதற்குப் பக்கத்துக் கட்டடமும் வந்தது. ஏன் என்று யாரோ கேட்டதற்கு, உங்கள் வீடுகளெல்லாம் மிக நல்ல நிலையில் இருப்பதாகப் பார்த்தவர் சொல்லியிருக்கிறார், அது மகிழ்ச்சியான விசயம்தானே, அடுத்த கட்டத்தில் யோசிப்போம் என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

கீழ்வீட்டுக் கிழவர் எழும்பி எங்களை நோக்கிக் கையை நீட்டினார். இவர்கள் மறைத்தார்கள், எல்லாவற்றையும் பூசி மறைத்தார்கள் என்று சிசிலிய மொழியில் கத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரைப் பிடித்து இருத்தினார்கள். எனக்கு இரத்தம் தலைக்கேறியது. கிழவர் மேல் அல்ல.

"உங்கட வரெக்கீனாவாலதான் என்ர பிள்ளை மூச்சில்லாமல் கிடக்கப்போகுது," என்று அக்காவின் காதுக்குள் சொன்னேன். "உங்கட துப்புரவும் நீங்களும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கதிரையில் வைத்தார். எழும்பினார்.

அந்த மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். ஞாயிறு பூசையில் அவரோடு பாடுகிறவர்கள், யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக் குடும்பங்கள், அவர் சிபாரிசில் வேலை கிடைத்த பெண்கள், அந்தப் பெண்களுக்கு வேலை கொடுத்த இத்தாலியப் பெண்கள் இரண்டு மூன்று பேர். அக்காவின் இத்தாலிய மொழியில் வினைச்சொல் குறைவு, அடித்துச் சொல்கிற பலம் அதிகம். அவர் சொன்னது தமிழில் கிட்டத்தட்ட இப்படி வரும்:

"சிஞ்ஞோரா, நான் வீடு துப்புரவாக்கிற வேலை செய்யிறன். என்ர வீடு ஊத்தை. சுவர் கறுப்பு. ஒவ்வொரு கிழமையும் உரஞ்சுறன், திரும்ப வருது. வீட்டுக்கு ஆள் வருது எண்டு வெக்கத்தில பூசி மறைச்சது நான். எல்லாருக்கும் மறைக்கச் சொன்னதும் நான். அந்த ஐயா சொல்லுறது உண்மை. இவளின்ர பிள்ளைக்கு மூச்சு இல்லை. திரும்ப வந்து பாருங்கோ."

என் வீடு ஊத்தை. இதை அக்கா அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார். திருடினேன் என்று சொல்வது அவருக்கு இதைவிட இலேசாக இருந்திருக்கும். சற்றுமுன் அவர் காதுக்குள் நான் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை.

அதிகாரிப் பெண் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். நல்ல மனுசி. சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, மழைக்காலம் முற்றிய பிறகு திரும்ப ஆள் அனுப்புகிறேன் என்றார். ஒரு நிபந்தனை: அதுவரை சுவரைத் தொடக்கூடாது.

திரும்பி வரும்போது அக்கா படியில் என்னை மறித்தார்.

"உன்ர அறையைத் துடை. பிள்ளை இருக்கிற வீடு, அங்கை ஒண்டும் வளர விடாதை. என்ர சுவர் நிக்கட்டும். எல்லாருக்குமாய் அது காணும்."

"நத்தார் வருதேயக்கா," என்றேன்.

"வரட்டும்," என்றார்.

நத்தாருக்கு வீட்டுக்குப் பெயின்ற் அடிக்காமல் விடுவது மன்னார் ஆட்களுக்கு என்னவென்று சைவக்காரியான எனக்கே தெரியும். தைப்பொங்கலுக்கு முற்றம் கூட்டாமல் பானை வைக்கிறதுபோல. கையில் காசில்லாத வருசங்களிலும் அக்கா ஒரு வாளி பெயின்ற் வாங்கி முன்சுவருக்காவது அடித்துவிடுவார். அந்த வருசம் அடிக்கவில்லை. கூடத்தில் வழக்கமான இடத்தில் பாலன் குடில் வைத்தார். வைக்கோல் போட்டார், மின்குமிழ் கொளுவினார். குடிலுக்கு மேலே, விண்மீன் தொங்கிய இடத்திலிருந்து சீலிங் வரை, சுவர் கறுத்துக் கிடந்தது. நாளுக்கு நாள் அகன்றது.

ஒருநாள் பின்னேரம் கதவு திறந்திருந்தது. ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா அந்தச் சுவருக்கு முன்னால் நின்றார். துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு பல்கனிக்குப் போய், ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த நிலத்தைத் திரும்பவும் துடைக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உள்ளே போய் மன்னிப்புக் கேட்டேன்.

"சொன்னது சரிதானே. பிறகென்ன மன்னிப்பு? அந்த வாளியை எடு," என்றார்.

கரோல் பாடுகிறவர்கள் வந்தார்கள். பாட்டு முடிந்து கேக் சாப்பிடும்போது ஒரு பெண் மற்றவளின் காதுக்குள் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். வேறு யாராக இருந்தாலும் காணாததுபோல் இருந்திருப்பார்கள். அக்கா கேக் தட்டோடு நேரே அவர்களிடம் போனார்.

"முஃபா. வடிவாய்ப் பாருங்கோ. உங்கட வீட்டிலயும் இருக்கு, எனக்குத் தெரியும். மறைக்காதையுங்கோ. மறைச்சால் யன்னல் வராது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் அலுமாரிகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரை விட்டு நகர்ந்தன என்று கேள்விப்பட்டேன்.

நத்தார் கொண்டாட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு, நல்ல மழைநாள் ஒன்றில், வேறொரு ஜியோமெத்ரா வந்தார். இந்த முறை ஒரு பெண். குளிர்ந்த இடத்தை நீலமாகக் காட்டுகிற ஒரு கமரா வைத்திருந்தார். அக்கா அவரை இருங்கோ என்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி வேணுமோ என்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்து நேரே சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் சுவரில் விரலை வைத்து இழுத்து, கறுத்த விரல் நுனியைப் பார்த்தார். பிறகு கீழ்வீட்டுக் கிழவரிடம் போனார், பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் துடைத்து வெள்ளையாக வைத்திருந்த சுவர் அவருடைய கமராவில் முழுக்க நீலமாய் இருந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். கடல் என்று நினைத்துவிட்டாள் பிள்ளை.

போகும்போது அவர் படியில் நின்று சொன்னார்: "குற்றம் கட்டடத்தினுடையது. இங்கே குடியிருப்பவர்களுடையது அல்ல."

அக்கா அதைக் கேட்டுவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வரெக்கீனா நெடி வந்தது. இத்தனை கிழமையாய் அடக்கி வைத்திருந்த கை, சுவரை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தது.

அரசாங்கத்தைத் திட்டுவது எனக்குப் பிடித்த வேலை. இந்த ஊரில் அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனாலும் நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது: சொன்னபடி திரும்ப வந்தார்கள், பார்த்தார்கள், எங்கள் கட்டடத்தையும் சேர்த்தார்கள். சித்திரைக்குப் பிறகு சாரம் கட்டினார்கள். கோடை முழுக்கத் தூசு, இடி, துளைக்கிற சத்தம். வேலைக்காரருக்கு அக்கா தேத்தண்ணி கொடுத்தார். அவர்கள் இறங்கிப் போனதும் படியைக் கழுவினார். கிழவர் ஒருநாள் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தை அக்காவின் கதவுப் பிடியில் கொளுவிவிட்டு இறங்கிப் போனார். சமாதானம் அவ்வளவுதான், அது போதுமாயிருந்தது. மழை திரும்பி வருவதற்குள் கட்டடம் புதுக் கோட்டோடு நின்றது. யன்னலைச் சாத்தினால் தெருச் சத்தம்கூட உள்ளே வரவில்லை. முதல் மழையிலிருந்து ஒவ்வொரு காலையும் மகளின் அறைச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அதை நம்புவதற்கு எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. இரண்டு நாளாய் விடாத மழை. நானும் அக்காவும் மகளும் சந்தையிலிருந்து பைகளோடு வந்தோம். லிஃப்ட் இல்லாத கட்டடம், எங்களுடையது கடைசி மாடி. மகள் தன் பையை வாங்கிக்கொண்டு எங்களை முந்தினாள். இரண்டிரண்டு படியாய்த் தாவி ஓடினாள். சப்பாத்துச் சத்தம் மேலே மேலே போனது. நான் என்னை அறியாமல் தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தேன். ஓடாதை, ஓடாதை. ஏழு குளிர்காலமாய் அந்தப் பிள்ளைக்கு நான் ஆகக் கூடச் சொன்ன சொல் அதுதான்.

சத்தம் வெளியே வருவதற்குள் அக்காவின் ஈரக் கை என் வாயைப் பொத்தியது.

"விடு பிள்ளை," என்றார். அவருக்கே மூச்சு வாங்கியது, கண்ணும் நிறைந்திருந்தது. "ஓடட்டும்."